நிலைக்காலில் ஒரு கை

காஞ்சிபுரம்,
22-6-1974, சனிக்கிழமை.

கர்த்தர் தம்முடைய உள்ளங்கையில் வைத்துக் காக்கிற என் மூத்த மகன் யேசுதாசுக்கு, அம்மா எல்லம்மாள் உன் நெற்றியில் முத்தம் கொடுத்து எழுதச் சொல்வது. இங்கே நானும் உன் நைனாவும் உன் தங்கை பொன்னியும் காலையில் எழுந்து சாயங்காலம் வரை கைகால் ஆடி நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அதற்கே தினமும் இரண்டு வேளை ஸ்தோத்திரம் சொல்கிறோம். நீயும் அந்தமானில் அதேபோல நடமாடுகிறாய் என்று உன் கடிதம் வந்து சொன்னால்தான் நான் குடிக்கிற கஞ்சி தொண்டையைத் தாண்டி இறங்கும். ராசா, பங்குனித் தேருக்கு முந்தின வாரம் வந்ததுதான் உன் கடைசிக் கடிதம். அதற்குப் பிறகு போர்ட் பிளேரிலிருந்து ஐந்து கப்பல் மெட்ராசுக்கு வந்து போய்விட்டது என்று தபால்காரர் கந்தன் சொல்கிறார். ரயில் ஸ்டிரைக்குல தபாலெல்லாம் மூட்டை மூட்டையா தேங்கிக் கெடக்குதும்மா, வந்துடும்மா என்று போன மாதம் முழுக்க அவரே வலிய வந்து சொல்லிவிட்டுப் போனார். ஸ்டிரைக் முடிந்து ரயில் ஓட ஆரம்பித்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. இப்போது நம் வீட்டைத் தாண்டும்போது பெல் அடிப்பதில்லை, சைக்கிளை விட்டு இறங்கித் தலையைக் குனிந்து தள்ளிக்கொண்டு போகிறார். அவர் அப்படிப் போவது எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே மழை பிடித்திருக்கும், ஈரத்துணியோடு படுக்காதே, தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் இரும்புக் கயிற்றுக்குக் கீழே நிற்காதே. சாயப்பட்டறையில் இருந்தபோதே பட்டு முறுக்கிப் பிழிகிற கட்டையில் மாட்டி இடது சுண்டுவிரல் நுனியைக் கொடுத்துவிட்டாய், பாக்கி இருக்கிற ஒன்பதரை விரலையாவது முழுசாக வீட்டுக்குக் கொண்டுவா. (ஒன்பதரை என்று கணக்குப் போட்டது நான், பொன்னி. அம்மா ஒன்பது என்றுதான் சொன்னாள், அரை விரலுக்கும் மரியாதை வேண்டாமா அண்ணா.) ஞாயிற்றுக்கிழமை அங்கே கோயில் தூரம் என்று எழுதியிருந்தாய், தூரமாக இருந்தாலும் போ. காணிக்கைக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் போ. இங்கே காணிக்கைப் பை என் முன்னால் வரும்போது நான் மூடின கையை உள்ளே விட்டு, உள்ளே திறந்து, வெறுங்கையாக வெளியே எடுக்கிறேன். சத்தம் கேட்காது, பக்கத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது, கர்த்தருக்குத் தெரியும், அவரிடத்தில் எனக்கு வெட்கம் இல்லை.

பரமசிவம் முதலாளியின் பட்டறையில் பொங்கலோடு அடுப்பு அணைந்ததுதான், இன்னும் மூட்டவில்லை. நம் ஊரில் எந்தப் பட்டறையிலும் மூட்டவில்லை. பெங்களூர்ப் பக்கத்திலிருந்து வருகிற பட்டு பட்டென்று விலை ஏறியது, பாடு பட்டது நாம்தான். (இதுவும் நான். இனிமேல் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும்.) நைனா வாலாஜாபாத் அரிசி மில்லில் மூட்டை ஏற்றப் போகிறார், வாரத்தில் மூன்று நாள் கூப்பிட்டால் அதிகம். நான் ராட்டையைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டு மண்டியில் அரிசி புடைக்கிறேன், கூலிக்கு நொய் தருகிறார்கள். நைனாவின் கையை இப்போது நீ பார்த்தால் யாருடைய கை என்பாய். முழங்கை வரைக்கும் அரக்குச் சிவப்பு ஏறி, நற்கருணைக்கு முழங்கால் போடும்போதுகூட ஊரார் ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்கிற கை அது. இந்த ஐந்து மாதத்தில் நிறம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி இறங்கி இப்போது நகக்கண்ணில் மட்டும் நிற்கிறது. சாப்பிடும்போது தட்டின் மேல் அந்த வெளிறிய கை வந்தால் யாரோ வேறு ஆள் நம்மோடு உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்கிறது. அவரும் துண்டால் மறைத்து மறைத்துக்கொள்கிறார். இதையெல்லாம் உன்னைக் கலங்கடிக்க எழுதவில்லை. இந்த வருஷத்து வாக்குத்தத்தத்தை நீயும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். புது வருஷக் காலை ஆராதனையில் தட்டில் அட்டைகளைக் குவித்து வைத்து, குடும்பத்துக்கு ஒன்று எடுக்கச் சொல்வார்களே, அதில் நமக்கு வந்தது இது: “பசித்தவன் ஒருவன் உன் வாசலில் வந்து நிற்பான், அவன் பேரைக் கேளாமல் சோறு போடு.” அன்றிலிருந்து மத்தியானத்தில் முதலில் உன் அலுமினியத் தட்டில் ஒருவர் பங்கை எடுத்து மூடி வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு ஊற்றுகிறேன்.

அண்ணா, குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். இனி கொஞ்ச நேரம் இது பொன்னி மட்டும். சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே, சிரிக்கிற இடம் ஆரம்பத்தில் மட்டும்தான் இருக்கிறது. அந்த வாக்குத்தத்தம் வேதத்தில் இல்லை. எந்தப் பக்கத்திலும் இல்லை. அதை எழுதினது நான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று கோயில் உபதேசியார் வருஷா வருஷம் என்னிடம்தான் அட்டைகளைக் கொடுத்து வசனம் எழுதச் சொல்வார். இந்த வருஷம் எழுதும்போது நம் சபைப் பொக்கிஷதாரர் அப்பாதுரை ஐயாவின் நினைவு வந்தது. வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கக் கிணற்றைக் கேட்டுவிட்டு வருகிறவர். எல்லாவற்றிலும் முதல் ஆளாகக் கை நீட்டுவார், தட்டில் மேலே இருக்கிற அட்டையைத்தான் எடுப்பார், இது உனக்கும் தெரியும். அவர் ஒரு வருஷம் பயந்துகொண்டு ஊருக்கெல்லாம் சோறு போட்டால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். வேத நடையில் இரண்டு வரி எழுதினேன். முதல் வரிதான் மேலே அம்மா சொன்னது. இரண்டாவது வரி இது: “அவனை வெறுங்கையாய் அனுப்பினால் உன் வீட்டில் ஒரு ஆள் குறையும்.” அதை எல்லா அட்டைகளுக்கும் மேலே வைத்தேன். ஆராதனையில் தட்டு அப்பாதுரை ஐயாவிடம் வந்தது. அந்த மனிதர் பிறந்ததிலிருந்து செய்யாத காரியத்தை அன்று செய்தார். தட்டை அப்படியே திருப்பி, நீங்க மொதல்ல எடுங்கம்மா என்று பின் வரிசையில் இருந்த அம்மாவிடம் நீட்டிவிட்டார். அம்மா மேலே இருந்ததை எடுத்தாள். என்னிடம் கொடுத்து, படிடி என்றாள். பக்கத்தில் எல்லாரும் காதைக் கொடுத்துக்கொண்டு இருக்கிறார்கள். நான் முதல் வரியைப் படித்தேன். இரண்டாவது வரி வாயில் வரவில்லை, ஆமென் என்று முடித்துவிட்டேன்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லலாம் சொல்லலாம் என்றிருக்கும்போது பட்டறை நின்றது. நைனா ஒரு நாள் தட்டைப் பார்த்து, ஆளே இல்லாத தட்டுக்குச் சோறு, இருக்கிற வாய்க்குக் கஞ்சித் தண்ணியா, இன்னா நியாயம்மே இது என்று கத்தினார். அம்மா திருப்பிக் கத்தவில்லை. வேலை போச்சு, பட்டு போச்சு, இந்த ஒரு வார்த்த தான் என் கையில இருக்குது, இதையும் நீ வாங்கிக்கினா நான் எதப் புடிச்சிக்கினு எழுந்திருக்கறது என்று கேட்டாள். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் அந்த வார்த்தையை எழுதினவள், அடுப்பு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருந்தேன். மூன்று மாதம் யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. சாயங்காலம் அந்தத் தட்டை எடுத்து மூன்று பேரும் பங்கு போட்டுக்கொள்வோம்.

ஏகாம்பரநாதர் கோயில் தேர் அன்று பள்ளிக்கூடம் லீவு. நைனா மில்லுக்குப் போயிருந்தார், அம்மா மண்டிக்குப் போயிருந்தாள். ராஜ வீதிப் பக்கம் மேளச் சத்தமும் ஜனங்கள் வடம் இழுக்கிற சத்தமும் கேட்டுக்கொண்டு இருந்தது, நம் தெருவில் ஒரு கோழிகூட இல்லை, எல்லாரும் தேர் பார்க்கப் போய்விட்டார்கள். உச்சி வெயில். முந்தின நாள் காலையில் குடித்த கஞ்சிதான் என் வயிற்றில். அம்மாவிடம் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி என் பங்கை நைனா கிண்ணத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை, பெருமைக்காக எழுதவில்லை, பசி எப்படி இருந்தது என்பதற்காக எழுதுகிறேன். உன் தட்டை மூடியிருந்த தட்டு கொஞ்சம் விலகி இருந்தது. ஒரு வாய் என்று ஆரம்பித்தேன். தட்டைக் கழுவின மாதிரி வழித்துத் தின்றுவிட்டேன். விரலை நக்கிக்கொண்டு நிமிர்கிறேன், உள்ளே விழுந்துகொண்டு இருந்த வெயில் நின்றுவிட்டது. வாசலில் ஒரு ஆள்.

கால் சத்தம் கேட்கவில்லை. தலையில் துண்டைப் போட்டு முகத்தைச் சுற்றியிருந்தான், வெளிச்சம் முதுகுப்பக்கம் இருந்ததால் முகம் வெறும் இருட்டாகத் தெரிந்தது. எனக்கு முகத்தைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது, கையில் காலித் தட்டு இருக்கிறதே. அதனால் அவன் கையைப் பார்த்தேன். ஒரு கையை நிலைக்காலில் ஊன்றி இருந்தான். முழங்கை வரைக்கும் அரக்குச் சிவப்பு அண்ணா. ஈரமாகப் பளபளவென்று இருந்தது. ஊரில் ஒரு பட்டறையிலும் அடுப்பு எரியவில்லை என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவே இல்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை, நின்றான். நான்தான், சோறு ஒண்ணும் இல்லப்பா, போப்பா என்றேன். அவன் என் கையில் இருந்த தட்டையே பார்த்துக்கொண்டு இருந்த மாதிரி இருந்தது. அப்புறம் கோபமே இல்லாமல், கல்யாண வீட்டில் பந்திக்கு இலை எண்ணுகிறவர் சொல்வதுபோல, சரிம்மா, அப்ப ஒரு ஆள் கொறையும் என்றான். வெயில் மறுபடியும் உள்ளே விழுந்தது. அந்த இரண்டாவது வரி எனக்கும் அட்டைக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நான் எழுந்து வாசலுக்கு ஓடினேன், தெரு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரைக்கும் வெள்ளை வெயிலாகக் காலியாக இருந்தது. நிலைக்காலில் மட்டும் ஐந்து விரலும் பதிந்து சிவப்பாக ஒரு கை.

சாயங்காலம் அம்மா வந்து காலித் தட்டையும் நிலைக்காலில் இருந்த கையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆள் வந்தானாடி என்று கேட்டாள். வந்தான் என்றேன். சாப்ட்டானா என்றாள். சாப்ட்டான் என்றேன். அவ்வளவுதான் நான் சொன்ன பொய், ஒரே வார்த்தை, அந்த வார்த்தை இன்னும் என் நாக்கைவிட்டு இறங்கவில்லை. நைனா மூக்கை நிலைக்காலில் வைத்து மோந்து பார்த்தார். இது இன்னிக்குத் தொட்டியில இருந்து எடுத்த கை, சூடு கூட ஆறல, ஆனா எந்தத் தொட்டி என்றார். ஈரத் துணியால் தேய்த்தார், சாம்பல் போட்டுத் தேய்த்தார். பட்டுக்குப் போடற சாயம் மரத்துல நிக்கவே நிக்காதுடி, ஒரு தண்ணிக்கே ஓடிடும், இது இன்னாடி நெஞ்சுக்குள்ள போயிருக்குது என்று சொல்லிவிட்டுத் துணியைக் கீழே போட்டார். அம்மா அவரை அதற்குமேல் தேய்க்க விடவில்லை. மறுநாள் குருத்தோலை ஞாயிறு. எகிப்தில் வீட்டு நிலைக்காலில் ரத்தம் பூசியிருந்த வாசலைத் தாண்டி, கொல்ல வந்த சங்காரதூதன் போய்விட்டான் என்று உபதேசியார் அந்த வாரத்தில் பிரசங்கம் செய்தார். அம்மா அழுதுவிட்டாள். ஈஸ்டர் அன்று சபை நடுவில் எழுந்து சாட்சி சொன்னாள், வாக்குத்தத்தம் நிறைவேறிச்சு, வந்தவன் என் பிள்ள தட்டுல சாப்ட்டுட்டு, என் வாசல்ல கை வச்சிட்டுப் போனான், இனிமே என் வீட்ல யாரும் கொறைய மாட்டாங்க என்று. அப்பாதுரை ஐயா எல்லாரையும்விடச் சத்தமாக அல்லேலூயா சொன்னார். நான் தலையைக் குனிந்து பெஞ்சில் இருந்த ஆணியையே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் கப்பல்கள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது கப்பலும் கடிதம் இல்லாமல் போன அன்று நான் நிலைக்காலைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். அதுவரைக்கும் பக்கத்தில் போகவே பயம், வாசலைத் தாண்டும்போது மறுபக்கமாக ஒட்டிக்கொண்டு போவேன். அது இடது கை. சுண்டுவிரல் மற்ற விரல்களின் வரிசைக்கு வராமல் பாதியில் நின்றிருந்தது. நுனி இல்லை. அண்ணா, நான் விரட்டினது யாரை? உன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு உன்னையே போ என்று சொன்னேனா? முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே. இத்தனை நாளாக உனக்கு ஒன்றும் ஆகவில்லை ஆகவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு இருக்கிறேன், ஊரை ஏமாற்றுவது எனக்குச் சுலபம், இது வரவில்லை.

அம்மா குடத்தோடு வந்துவிட்டாள். இன்னாடி, நான் சொன்னது ரெண்டு வரி, நீ எழுதினது மூணு பக்கம், தபாலு பாரம் தாங்காதுடி என்கிறாள். நீ சொன்னதுக்குக் கால் கொம்பெல்லாம் வைக்க இடம் வேணாமா என்றேன். சரி, எழுது என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். இதுதான் அவள் சொன்னது: ராசா, நீ எதற்கும் பயப்படாதே. வாசலில் வந்தவன் உன் தட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டான், அதனால் நீ எங்கே இருந்தாலும் உன் தட்டு...

அதற்குமேல் என் கை ஓடவில்லை அண்ணா. மேலே அந்த வரி பாதியில் நிற்பதைப் பார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அட்டையிலிருந்து ஆரம்பித்து, தின்றது, விரட்டினது, சாப்ட்டான் என்று சொன்னது வரைக்கும். சுண்டுவிரலை மட்டும் சொல்லவில்லை, அதைச் சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். அம்மா முந்தானையால் குடத்து வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். அப்புறம் எழுந்து போய் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த அட்டையை எடுத்துக்கொண்டு வந்து, மொத்தமும் படி என்றாள். இரண்டு வரியும் படித்தேன். என் காதைப் பிடித்துத் திருகினாள் பார், இன்னும் எரிகிறது, இந்தப் பக்கத்தில் எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். நாளைக்குக் கோயில்ல உபதேசியார் கிட்டயும் அப்பாதுரை ஐயா கிட்டயும் நீயே உன் வாயால சொல்ற, நானும் எழுந்து என் சாட்சிய மாத்திச் சொல்றேன், பொய்ய வச்சிக்கினு நான் கர்த்தர் முன்னால நிக்க மாட்டேன் என்றாள். நான், இதெல்லாம் வேத வசனமே இல்லம்மா, நான் கட்டினதும்மா, நீ ஒண்ணுமே இல்லாததப் புடிச்சிக்கினு இருந்தம்மா என்று அழுதேன். பசிச்சவனுக்குச் சோறு போடுன்றது வேதத்துல எந்தப் பக்கத்துலடி இல்ல என்று கேட்டாள். அப்புறம், நீ எழுதின, நீ மேல வச்ச, சரி, ஜென்மத்துல யாருக்கும் விட்டுக் கொடுக்காத அப்பாதுரை ஐயா அன்னிக்குத் தட்ட எங்கிட்ட நீட்டினாரே, அதையும் நீயா செஞ்ச என்றாள். அந்தக் கேள்விக்குப் பதில் உனக்குத் தெரிந்தால் எழுது.

நான் தின்றதைப் பற்றி அவள் திட்டவே இல்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. பள்ளிக்கூடத்துல சாப்ட்டேன் சாப்ட்டேன்னு சொன்னியே, எத்தினி நாளு என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். வாசல்ல வரப்போறவனுக்கு எடுத்து வச்சேன், வீட்டுக்குள்ள இருக்கறவ பசி எனக்குத் தெரியாம போச்சே, மொதல் தப்பு என்னுதுடி என்று சொல்லி என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் சத்தமே இல்லை, வெயில் வாசலில் அன்றைக்கு விழுந்த அதே இடத்தில் விழுந்துகொண்டு இருந்தது. நான் மடியிலிருந்தே, அம்மா, அந்தக் கைய நீ நல்லாப் பாத்தியா என்று கேட்டேன். அம்மாவின் கை என் தலைமேல் நின்றது. எனக்கு எழுத்துதாண்டி தெரியாது, கை தெரியும் என்றாள். மொத நாளே தெரியும், அதனாலதான் உங்க நைனாவத் தேய்க்க விடல என்றாள். அம்மா, அப்படின்னா அண்ணா என்று நான் ஆரம்பித்தேன், வாயைப் பொத்திவிட்டாள். அவன் வந்தான்னா வழி தெரிஞ்சி வந்தான், வழி தெரிஞ்சவன் மறுபடியும் வருவான், அதுக்கு மேல நீ கத கட்டாத, உன் கதைங்க எல்லாம் நடந்துக்கினு போகுது என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் என் வாயைப் பொத்தின கையை எடுக்கவில்லை.

இப்போது அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நொய்க்கஞ்சியில் இன்னும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறாள், முகம் பார்த்துத் தலை சீவலாம் போல இருக்கிறது. இன்றிலிருந்து இரண்டு தட்டு மூடி வைக்கப் போகிறாளாம், ஒன்று வாசலில் வருகிறவனுக்கு, ஒன்று குறையும் என்று அவன் சொன்ன ஆளுக்கு, கொறையும்னு சொன்னா கொறைய உட்ற முடியுமா, ஒரு தட்டு கூட வச்சிப் பாக்கறேன் என்கிறாள். நைனா வந்து என்ன சொல்வாரோ தெரியாது. இந்தத் தடவை நான் அடுப்பு ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருக்க மாட்டேன், அம்மா பக்கம்தான். வாசலுக்கு நேராக உட்கார்ந்துதான் எழுதுகிறேன். யார் வந்தாலும் முகத்தைப் பார்ப்பேன்.

மறுபடியும் அம்மா சொல்வது. ராசா, பொன்னி மேலே என்னென்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, அவள் அழுதுகொண்டே எழுதினதால் எல்லாம் உண்மையாகத்தான் இருக்கும். அவளை மன்னித்துவிடு, நான் மன்னித்துவிட்டேன். நாம் வேலை இல்லாமல் இருக்கிறோம், ஆண்டவர் இல்லாமல் இல்லை. இதை உனக்குச் சொல்வதைப்போல எனக்கே சொல்லிக்கொள்கிறேன். பணம் அனுப்பவில்லையே என்று கூச்சப்பட்டுக் கடிதம் போடாமல் இருந்தால், உன் பணம் எனக்கு வேண்டாம், உன் எழுத்து போதும். உடம்பு சரியில்லாமல் எழுத முடியாமல் கிடந்தால் பக்கத்தில் இருக்கிறவரை எழுதச் சொல். அதுவும் முடியாவிட்டால் ஒன்று செய். ஒரு காகிதத்தின் மேல் உன் இடது கையை விரித்து வைத்து, சுற்றி ஒரு கோடு இழுத்து, அதை மட்டும் கவரில் போட்டு அனுப்பு. ஒரு வார்த்தையும் வேண்டாம், நான் படித்துக்கொள்கிறேன்.

உன் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. கடல் உன்னிடத்தில் சாந்தமாக இருக்கட்டும். நீ படுக்கிற இடத்தில் விளக்கும், உட்காருகிற இடத்தில் நிழலும் இருக்கட்டும். அடுத்த கப்பலில் பதில் போட மறக்காதே, கந்தன் நம் வாசலில் பெல் அடித்து ரொம்ப நாள் ஆகிறது.

இப்படிக்கு,
உன் தட்டை மூடி வைத்துக் காத்திருக்கும்
அம்மா எல்லம்மாள்.

அண்ணா, கீழே இருப்பது அம்மாவின் பெருவிரல் ரேகை. வீட்டில் மைப்பெட்டி இல்லை, பேனாவைக் கொடுத்தேன், வேண்டாம் என்றாள். கஞ்சி ஊற்றிக் கழுவின ஈரக் கையோடு எழுந்து போய், நிலைக்காலில் இருக்கிற அந்தக் கையின் நடுவில் பெருவிரலை ஒரு நிமிஷம் அழுத்தி வைத்திருந்து, அப்படியே கொண்டுவந்து இந்தக் காகிதத்தில் வைத்தாள். நைனா சாம்பலும் துணியும் வைத்துத் தேய்த்து வராத நிறம். பார், எவ்வளவு சிவப்பு. இன்னும் காயவில்லை, காய்ந்த பிறகுதான் மடிக்க வேண்டும்.